அயர்லாந்தின் மூன்று ஏரிகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



ஓர் இலக்கியத்தைப் படித்துவிட்டு, அது பிறந்த ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எப்போதும் ஒரு சங்கடம் காத்திருக்கும். மனத்திலே நாம் கட்டி வைத்திருக்கும் ஊர் ஒன்று. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கண்முன்னே நிற்கும் ஊர் வேறொன்று. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில், அயர்லாந்துத் தீவின் நாட்டுப்புறத்திலே மூன்று ஏரிகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மூன்றும் கவிதைகளின் வழியாக நான் முன்னரே அறிந்த ஏரிகள். அவற்றைப் பார்த்து வந்தபின் மனத்தில் தங்கிய சில எண்ணங்களை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். அயர்லாந்திலே ஏரியை 'லொக்' என்கிறார்கள். அது ஐரிஷ் மொழிச் சொல். கடைசி ஒலியைத் தொண்டையிலிருந்து காற்றோடு உரசிச் சொல்ல வேண்டும். நிலத்தால் சூழப்பட்ட நன்னீர் ஏரிக்கும் அதுதான் பெயர். கடல் உள்ளே புகுந்து கிடக்கும் நீர்ப்பரப்புக்கும் அதுவே பெயர். பெல்பாஸ்ற் நகரத்தின் துறைமுகம் இருக்கும் 'பெல்பாஸ்ற் லொக்' உண்மையில் கடல்தான். கடல்நீர் கலக்கும் மட்டக்களப்பு நீர்ப்பரப்பை நாம் வாவி என்று அழைப்பதில்லையா? அதுபோலத்தான். ஆகவே, தேசப்படத்தில் 'லொக்' என்று கண்டதும் நன்னீர் என்று நம்பிவிடக் கூடாது.

நான் பார்த்த முதலாவது ஏரி 'லொக் கில்'. அயர்லாந்தின் வடமேற்கிலே, பெரும்பகுதி ஸ்லைகோ மாவட்டத்திலும் மிகுதி லீற்றிம் மாவட்டத்திலுமாகக் கிடக்கிறது. ஏறத்தாழ ஐந்து மைல் நீளம். கரையெல்லாம் காடு, காட்டுக்குப் பின்னால் மலை. 'ஒளிரும் ஏரி' என்பது பெயரின் பொருள். மேகம் விலகி வெயில் விழும் சில நிமிடங்களில் அந்தப் பெயர் பொய்யில்லை என்று தெரிகிறது.

இந்த ஏரியில் உள்ள ஒரு சிறு தீவின் பெயர் இனிஸ்பிறீ. டபிள்யூ. பி. யேற்ஸ் என்ற மகாகவியின் புகழ்பெற்ற கவிதையொன்று இந்தத் தீவைப் பற்றியது. படகில் எங்களை ஏற்றிச் சென்றவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டி, "அதோ, அதுதான்" என்றார். என் பக்கத்தில் இருந்த பெண்மணி சற்றுநேரம் பார்த்துவிட்டு, "இதுதானா?" என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. சில மரங்களும் புதர்களும் அடர்ந்த ஒரு கைப்பிடி நிலம். ஆட்கள் இல்லை. கவிஞர் கட்டி வாழ நினைத்த குடிசை அங்கே இல்லை. அது ஒருபோதும் கட்டப்பட்டதுமில்லை.

இந்தக் கவிதை எப்படிப் பிறந்தது என்று யேற்ஸ் தமது சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சிறுவயதில் அவருடைய தந்தையார், அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வோல்டன்' நூலிலிருந்து அவருக்குப் படித்துக் காட்டினாராம். தோரோ ஒரு குளக்கரையிலே தனியாகக் குடிசை கட்டி வாழ்ந்தவர். தானும் இனிஸ்பிறீயில் அப்படி வாழவேண்டும் என்று பையனுக்கு ஆசை வந்துவிட்டது. ஸ்லைகோ அவருடைய தாயாரின் ஊர். ஒருநாள் மாலை வீட்டிலிருந்து புறப்பட்டு, ஏரியைச் சுற்றி நடந்து, காட்டிலே ஒரு பாறைத் திட்டில் படுத்தார். காட்டுக் காவலாளி பிடித்துவிடுவானோ என்ற பயத்தில் நித்திரை வரவில்லை. ஆனால் விடியும்போது தீவைப் பார்த்தார். எந்தப் பறவை முதலில் கத்துகிறது, எது அடுத்துக் கத்துகிறது என்று கவனித்தார். முப்பது மைல் நடந்து களைத்து வீடு திரும்பிய அவரைக் கண்டு, பையன் இரவைக் கழித்தது வேறெங்கோ என்று எண்ணிய வேலைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

கவிதை அந்த இரவில் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். அது எழுதப்பட்டது 1888இல், லண்டனில். யேற்சுக்கு அப்போது வயது இருபத்துமூன்று. கையிலே காசில்லை, மனத்திலே ஊர் ஏக்கம். பிளீற் வீதியில் நடந்துபோகும்போது நீர் சலசலக்கும் ஒலி கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஒரு கடையின் கண்ணாடி யன்னலுக்குள் சிறிய நீர்ப்பாய்ச்சி. அதன் உச்சியிலே ஒரு பந்து ஆடிக்கொண்டிருந்தது. குளிர்பான விளம்பரத்துக்காக வைத்தது. அந்தச் சத்தம் ஏரியின் சத்தத்தை நினைவூட்டியது. 1890இல் கவிதை அச்சேறியது. பின்னர் 1930களில் பிபிசி வானொலியில் யேற்ஸ் அதைத் தாமே வாசித்தார்; கிட்டத்தட்ட இராகமிழுத்துப் பாடுவதைப் போல வாசித்த அந்தக் குரலின் பதிவு இன்றும் இருக்கிறது.

ஆகவே, "இதுதானா?" என்ற கேள்விக்கு என்னுடைய பதில் இதுதான். அந்தக் கவிதை ஏரியைப் பார்த்து எழுதியதன்று. ஏரியை விட்டுத் தூரப் போனபின் எழுதியது. அதிலுள்ள அழகு லொக் கில்லின் அழகு மட்டுமல்ல. ஊரை விட்டுப் போனவனுடைய ஏக்கத்தின் அழகு. அதைத் தேடிப் படகில் போனால் கிடைக்காது.

அதே ஏரியின் வடகரையில் 'பார்க்கின் கோட்டை' நிற்கிறது. நீரோரமாக நிற்கும் அழகான கற்கட்டடம். படம் எடுக்காமல் யாரும் போவதில்லை. முன்பு அந்த இடத்தில் ஓ'ரூர்க் என்ற ஐரிஷ் குறுநிலத் தலைவரின் கோபுர வீடு இருந்தது. 1588இல் ஸ்பானியக் கப்பற்படை இந்தக் கரையோரத்தில் சிதறியபோது, தப்பி வந்தவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர் பிரையன் ஓ'ரூர்க். 1591இல் அவரை லண்டனில் தூக்கிலிட்டார்கள். பின்னர் ஆங்கிலக் குடியேற்றக்காரர் ஒருவர் அவ்விடத்தில் தம் வீட்டைக் கட்டினார். 1970களில் முற்றத்தைத் தோண்டியபோது பழைய வீட்டின் அத்திவாரம் வெளிப்பட்டது. இன்று கல் பாவிய முற்றத்தில் நின்று அதைப் பார்க்கலாம். பார்த்தபின் கரையின் அழகு குறைவதில்லை. ஆனால் அதை வெறும் அழகு என்று சொல்லவும் வாய் வருவதில்லை.

இரண்டாவது ஏரி 'லொக் டெர்க்', டொனகோல் மாவட்டத்தில். ஷனன் நதியிலும் இதே பெயரில் ஓர் ஏரி உண்டு. பயணம் போகிறவர்கள் மயங்கக் கூடாது. நான் சொல்வது சிறிய ஏரி. பெற்றிகோ என்ற எல்லைக் கிராமத்தைத் தாண்டி, சதுப்பு நிலத்தின் வழியே போனால் வீதி அங்கே முடிந்துவிடுகிறது. நீரின் நடுவே ஒரு தீவு. தீவு முழுவதும் கட்டடங்கள். 'புனித பற்றிக்கின் உத்தரிக்கிற தலம்' என்று பெயர். மத்திய காலத்திலேயே ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து யாத்திரிகர்கள் வந்த இடம் இது. யூன் தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதிவரை மூன்று நாள் யாத்திரை நடைபெறும். தீவில் இறங்கியதும் சப்பாத்தைக் கழற்றிவிட வேண்டும். ஒருநாளைக்கு ஒருவேளை உணவு: காய்ந்த பாணும் பாலில்லாத தேநீரும். ஓர் இரவு முழுவதும் நித்திரையின்றிச் செபம். கூரிய கற்களின்மேல் வெறுங்காலுடன் சுற்றிவர வேண்டும்.

அங்கே போகிறவர் இயற்கைக்காட்சி பார்க்கப் போகிறவர் அல்லர். நான் கரையிலேயே நின்றேன். மழைத் தூறலினூடே படகு திரும்பி வந்தது. இறங்கியவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் முகங்களில் ஒரு தெளிவு. அவர்களில் ஒருவர்கூட ஏரியைத் திரும்பிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. மூன்று நாள் அதற்குள்ளேயே இருந்தவர்களுக்குத் திரும்பிப் பார்க்க என்ன தேவை?

பற்றிக் கவனா என்ற கவிஞர் 1942இல் இந்த யாத்திரையைப் பற்றி ஒரு நெடுங்கவிதை எழுதினார். அவர் 1967இல் இறந்து பல ஆண்டுகளின் பின்னரே அது நூலாயிற்று. ஷேமஸ் ஹீனி 1984இல் வெளியிட்ட 'ஸ்ரேஷன் தீவு' என்ற தொகுதியின் நடுப்பகுதியும் இந்தத் தீவில்தான் நிகழ்கிறது. யாத்திரிகனாக வந்த கவிஞனை இறந்தவர்கள் ஒவ்வொருவராக எதிர்கொள்கிறார்கள். வட அயர்லாந்தின் வன்செயலில் கொல்லப்பட்டவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். நீ எங்களைப் பற்றி எப்படி எழுதினாய் என்று ஒருவர் கணக்குக் கேட்கிறார். போரின் நடுவே அழகாக எழுதுவது குற்றமா என்ற கேள்வியை ஒரு கவிஞன் தன்மீதே வைத்துக்கொள்ள, அந்த ஏரி ஓர் இடம் கொடுத்திருக்கிறது.

மூன்றாவது ஏரிக்காக எல்லையைக் கடந்து வட அயர்லாந்துக்குள் போனேன். 'லொக் நே'. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் பரப்பிலே இதைவிடப் பெரிய ஏரி இல்லை. ஏறத்தாழ 390 சதுர கிலோமீற்றர். வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களில் ஐந்து இதைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆறுகள் பல இதற்குள் வந்து விழுகின்றன. கடலுக்கு வெளியேறும் ஆறு ஒன்றே ஒன்று, கீழ் பான் ஆறு.

இந்த ஏரியைப் பற்றிக் கதைகள் பல. பின் மக்கூல் என்ற இராட்சத வீரன் ஸ்கொத்லாந்து இராட்சதன்மீது எறிவதற்காக ஒரு பிடி மண்ணை அள்ளினானாம். குறி தவறிக் கடலில் விழுந்த மண் 'மான் தீவு' ஆயிற்று. அள்ளிய பள்ளம் ஏரியாயிற்று. இன்னொரு கதை எனக்குக் கூடுதலாகப் பிடித்தது. எயகி என்ற தலைவனின் குடியிருப்பில் ஒரு மாயக் கிணறு இருந்தது. அதை எப்போதும் மூடியே வைக்க வேண்டும். கவனித்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண் ஒருநாள் மூட மறந்துவிட்டாள். நீர் பொங்கி எயகியையும் அவன் மக்களையும் மூழ்கடித்தது. லொக் நே என்றால் எயகியின் ஏரி. ஒருவருடைய சிறு கவலையீனத்தால் உண்டான ஏரி என்பது ஊர்ச்சனங்களின் நம்பிக்கை.

ஹீனி 1939இல் பிறந்த பண்ணை இந்த ஏரிக்குச் சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. 1969இல் வெளிவந்த தொகுதியொன்றில், இங்குள்ள மீனவர்களுக்காக ஒரு கவிதை வரிசை எழுதியிருக்கிறார். நீந்தக் கற்றுக்கொள்ளாத மீனவர்களும், அவர்கள் பிடிக்கும் விலாங்கு மீனும்தான் அதன் பொருள். அந்த விலாங்கின் கதையே ஒரு காவியம். அது பிறப்பது இங்கேயல்ல. அத்திலாந்திக்கின் மறுபக்கத்திலுள்ள சர்காசோக் கடலில். குஞ்சுகள் கடல் நீரோட்டத்தில் மிதந்து வந்து, பான் ஆற்றில் ஏறி, ஏரிக்குள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்து, ஒருநாள் முட்டையிடுவதற்காகத் திரும்ப அவ்வளவு தூரமும் போகின்றன. இந்த விலாங்கைப் பிடிக்கும் உரிமை நெடுங்காலம் தனியார் கைகளில் இருந்தது. 1960களில் மீனவர்கள் ஒரு குருவானவரின் வழிகாட்டலில் ஒன்றுதிரண்டு, கூட்டுறவு முறையில் 1971இல் அந்த உரிமையை முழுவதுமாக வாங்கினார்கள். எளிய மனிதர்கள் போராடிப் பெற்ற ஏரி இது.

இவ்வளவையும் மனத்தில் நிறைத்துக்கொண்டு கரைக்குப் போனேன். ஓர் அறிவித்தல் பலகை நின்றது. நீரைத் தொடாதீர்கள், நாய்களை இறக்காதீர்கள். கரையோர நீர் பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றியதுபோல இருந்தது. ஒரு முதியவர் தம் நாயைக் கயிற்றில் இறுக்கிப் பிடித்தபடி நின்றார். "இவன் குட்டியாக இருந்தபோது தினமும் இதிலேதான் நீந்துவான். இப்போது விட முடியாது. ஏனென்று அவனுக்கு விளங்கவில்லை" என்றார்.

2023ஆம் ஆண்டு கோடையில்தான் இந்த நீலப்பச்சைப் பாசி ஏரியெங்கும் பெருமளவில் படர்ந்தது. அதன் நஞ்சு நாய்களைக் கொல்லக்கூடியது. காரணம் ஒன்றல்ல. வயல்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் இடும் பசளை மழையோடு ஆறுகளுக்குள் வருகிறது, கழிவுநீரும் வருகிறது, அவற்றிலுள்ள பொசுபரசு பாசிக்கு உணவாகிறது. நீரின் வெப்பம் கூடியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பெருகிய வரிக்குதிரை மட்டி நீரை வடிகட்டித் தெளிவாக்க, சூரிய ஒளி ஆழத்துக்குப் போய்ப் பாசியை மேலும் வளர்க்கிறது. நீர் தெளிவதே தீமையாக முடிந்த விந்தை இது. வட அயர்லாந்தின் குடிநீரில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு இந்த ஏரியிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

2023 செப்டெம்பரில், கரையிலுள்ளவர்கள் ஏரிக்குச் செத்தவீடு நடத்தினார்கள். ஆம், சவப்பெட்டி வைத்து, ஒரு மனிதருக்குச் செய்வதைப் போலவே செய்தார்கள். 2024 யூலையில் அரசாங்கம் முப்பத்தேழு நடவடிக்கைகள் கொண்ட ஒரு திட்டத்தை வெளியிட்டது. பாசி மறுபடியும் வந்தது. 2025இல் விலாங்குகளின் தரம் குன்றியதால், அவ்வாண்டின் பிடிப்பையே பருவத்தின் நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று.

நேயர்களே, என் எண்ணம் இதுதான். ஏரியைக் காட்சியாக மட்டும் பார்க்கிறவருக்கு, ஓர் ஏரி கெட்டுப்போனால் இன்னோர் ஏரி இருக்கிறது. சுற்றுலாக் கைநூலில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும். கரையில் வாழ்கிறவருக்கு வேறு ஏரி இல்லை. யேற்சுக்கு அது ஊர் ஏக்கமாக இருந்தது. லொக் டெர்க் யாத்திரிகருக்கு அது தவம். லொக் நே மீனவருக்கு அது சோறு. கவிதை ஏரியைக் காப்பாற்றாது. பாசியை அள்ளுவதற்கு அதற்குக் கையில்லை. ஆனால் நாம் இழக்கப்போவது வெறும் நீரல்ல என்பதைச் சொல்லித்தர அதனால் முடியும். ஹீனியைப் படித்திராவிட்டால், அந்தப் பச்சை நீரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு வாகனத்தில் ஏறியிருப்பேன். படித்திருந்தபடியால் அந்த முதியவரோடு நெடுநேரம் நின்று கதைத்தேன்.

பழைய கதையில் கிணற்றை மூட மறந்தவள் ஒரு பெண். இன்று அந்த மறதியில் பலருக்குப் பங்கிருக்கிறது: கமக்காரருக்கு, நகரத்தாருக்கு, ஆட்சியாளருக்கு. அன்று நீர் பொங்கி மனிதரை அழித்தது. இன்று மனிதர் அந்த நீரை அழித்துக்கொண்டிருக்கிறார்கள். கிணற்றின் மூடியை மறுபடியும் எடுத்து வைக்க இன்னும் காலமிருக்கிறது என்று நம்புவோம்.