அன்றைக்கு வேண்டிய அப்பம்



கிறிஸ்து தம் சீடருக்குக் கற்பித்த செபத்தை அறியாத கிறிஸ்தவர் இலர். மத்தேயு எழுதிய நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் அது காணப்படுகிறது. நாவுக்கு மிகப் பழகிப்போன காரணத்தால், பெரும்பாலும் நாம் அதனைச் சிந்தியாமலே சொல்லி முடித்துவிடுகிறோம். அச்செபத்தின் நடுவே, அன்றைக்கு வேண்டிய உணவை அன்றைக்கே தந்தருளும்படி கேட்கும் விண்ணப்பம் ஒன்று உண்டு. இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன்.

வேதத்தில் அப்பம் என்று வாசிக்கக் கேட்கும்போதெல்லாம், நம் நாட்டுச் சிறுபிள்ளைகள் தாச்சியிற் சுட்ட பாலப்பத்தையே மனத்தில் எண்ணிக்கொள்வர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அது பாணைக் குறிக்கும் என்று ஓய்வுநாட் பாடசாலை ஆசிரியை விளக்கியபோது எனக்கு உண்டான ஏமாற்றம் சிறிதன்று. பாண் என்னும் சொல்லைப் போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்றனர்; அதற்கு வேண்டிய கோதுமையோ இன்றும் கடல் கடந்தே வருகிறது. உக்கிரேனில் 2022 பெப்ரவரியிற் போர் மூண்டபோது, உலகச் சந்தையிற் கோதுமையின் விலை ஏறிற்று. எங்கோ ஒரு தேசத்து வயலில் விழுந்த குண்டு, இங்கே ஓர் ஏழையின் காலைச் சாப்பாட்டிலும் விழுந்தது எனலாம்.

கிறிஸ்து இந்த விண்ணப்பத்தைக் கற்பித்தபோது, அதைக் கேட்ட யூதருக்கு வனாந்தரத்து மன்னா நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும். யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரம் அவ்வரலாற்றைக் கூறும். ஆளுக்கு ஓர் ஓமர் என்பது அளவு. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு எஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. கட்டளையை மீறி மறுநாளுக்கென்று ஒளித்து வைத்ததிற் புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்கு முந்திய நாளில் மட்டுமே இரட்டிப்பாகச் சேர்க்க அனுமதி இருந்தது. நாளைக்கு என்று பதுக்கும் கை, பக்கத்திலுள்ளவனின் இன்றைய பங்கையே எடுத்துக்கொள்கிறது என்பதை அந்த மக்கள் நாற்பது ஆண்டுகள் உண்டு பயின்றனர். பயின்றும் மறந்தனர் என்பது வேறு கதை.

நாமும் 2022ஆம் ஆண்டில் அவ்வாறானதொரு வனாந்தரத்தைக் கடந்தோம். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, செப்ரெம்பரில் உணவின் விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததிலும் 94.9 வீதம் உயர்ந்திருந்தது. எரிபொருளின்மையாற் பாடசாலைகள் பல வாரங்கள் மூடப்பட்டன. திறந்த பின்பும் சில காலம் வாரத்தில் மூன்று நாட்களே நடைபெற்றன. மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, எரிவாயுவுக்கு ஒரு வரிசை, பெற்றோலுக்கு ஒரு வரிசை. செபத்தில் உணவுக்கு அடுத்தபடியாக வருவது கடனைக் குறித்த விண்ணப்பம். அதை அந்நாட்களிற் சொல்லும்போது சபையில் ஒரு கணம் அமைதி நிலவியதை நான் கவனித்திருக்கிறேன். அதைப் பேசத் தொடங்கினால் இன்றைய நேரம் போதாது.

அக்காலத்தில் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் இரவு, எமக்கு அறிமுகமான வியாபாரி ஒருவர் எரிவாயுச் சிலிண்டர் ஒன்றைச் சாக்கினால் மூடி எம் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினார். "அதிபர் வரிசையில் நிற்பது அழகில்லை ஐயா" என்றார். உரிய விலைக்கு மேல் ஒரு சதமும் அவர் கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. வீட்டில் விறகு நனைந்திருந்தது, மனைவிக்கு இருமல். நியாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக என் மனத்திற் கைகட்டி நின்றன.

மறுநாட் காலை பாடசாலை வாயிலில் மாணவன் ஒருவனின் தந்தையைக் கண்டேன். கூலிவேலை செய்பவர். விடியுமுன் மூன்று மணிக்கே வரிசைக்குச் சென்றதாகவும், தமக்கு முன் ஏழு பேர் நிற்கையிற் சிலிண்டர்கள் முடிந்துவிட்டதாகவும், அன்றைய கூலியும் போயிற்று என்றும் கூறினார். ஏழு பேர் என்று அவர் சொன்னதை நான் மனத்துக்குள் ஆறு என்று திருத்திக்கொண்டேன். அவரிடம் ஒன்றும் கூறவில்லை.

அன்றிரவு குடும்பச் செபத்தில் அந்த விண்ணப்பத்துக்கு வந்தபோது என் குரல் தடைப்பட்டது. எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்! அச்செபம் முழுவதிலும் 'எனக்கு' என்ற சொல் ஓரிடத்தேனும் இல்லை என்பதை அன்றுதான் கண்டேன். 'எங்களுக்கு' என்றே கேட்கும்படி ஆண்டவர் கற்பித்தார். சாக்கினால் மூடி வந்த சிலிண்டரை அடுப்பிற் பூட்டி வைத்துக்கொண்டு, அந்த 'எங்களில்' அம்மனிதரையும் சேர்த்துச் சொல்வது எங்ஙனம்?

லூக்கா எழுதிய நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் வரும் ஐசுவரியவான் அச்சொல்லை அறியாதவன். என் விளைச்சல், என் களஞ்சியம், என் ஆத்துமா என்று தன்னோடு தானே பேசுகிறான், பேச வேறொருவருமில்லை. நாலாம் நூற்றாண்டிற் செசரியா நகரத்துப் பசிலியார் இந்த உவமையை வைத்தே ஒரு பிரசங்கம் செய்தார். அந்நகரம் இன்று துருக்கி நாட்டில் கைசேரி எனப்படுகிறது. 369ஆம் ஆண்டளவில் அங்கே மழை பொய்த்துப் பஞ்சம் உண்டாயிற்று. கரையோர நகரங்களுக்குக் கப்பலில் தானியம் வரும். உள்நாட்டு நகரமாகிய செசரியாவுக்கு அவ்வழியில்லை. களஞ்சியம் வைத்திருந்தோர் விலை இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தனர்.

பசிலியார் அப்பொழுது ஆயராகவில்லை; சாதாரண குருவானவரே. அவருடைய பேச்சினாற் சில களஞ்சியங்கள் திறந்தன. அவர் இறந்தபின் நண்பர் நசியான்சு கிரகோரியார் ஆற்றிய புகழுரை, அடுத்து நடந்ததைக் கூறுகிறது. பசித்தோரை ஓரிடத்திற் கூட்டி, பெரிய பாத்திரங்களிற் பயற்றங்கூழ் காய்ச்சி, உப்பிட்ட இறைச்சியுஞ் சேர்த்து, தாமும் பணியாளரோடு பணியாளராக நின்று பரிமாறினாராம். அவருடைய இறையியல் நூல்களைக் கற்றோர் பலர் உளர். எனக்கோ அந்தக் கூழ்ப்பாத்திரமே பெரிதாகத் தோன்றுகிறது.

எம் பாடசாலையில் அவ்வாண்டு காலைக் கூட்டத்திற் பிள்ளைகள் சோர்ந்து இருப்பதும், ஓரிருவர் மயங்கி விழுவதும் நேர்ந்தன. ஆசிரியர்களும் பெற்றோரும் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி என்று கொண்டுவந்து கஞ்சி காய்ச்சத் தொடங்கினோம். வறிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுத்தாற் போதாதோ என்று சிலர் கேட்டனர். கணக்குப்படி அவர்கள் சொன்னது சரியே. ஆனால் வறியவர் எழுந்து நில்லுங்கள் என்று ஒரு வகுப்பிற் கூறிவிட்டு, அதன்பின் அப்பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க எந்த ஆசிரியரால் இயலும்? எல்லோருக்கும் வார்த்தோம். சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் கிறிஸ்தவப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலிருந்து குடித்தனர். சில நாட்களிற் கஞ்சி தண்ணீராகவே இருந்தது. பானையின் அடியில் எஞ்சியதைக் காவலாளி தம் பேரப்பிள்ளைக்குக் கொண்டுசெல்வார்.

அந்தச் சிலிண்டரையும் கஞ்சி காய்ச்சவே பாடசாலைக்கு அனுப்பிவிட்டேன். அதனால் என் கணக்குத் தீர்ந்ததென்று நான் எண்ணவில்லை. வரிசையில் நின்ற அம்மனிதருக்கு அன்று கிடைக்காதது கிடைக்காததே. அவருடைய மகன் இப்பொழுது பாடசாலையை விட்டு வேலைக்குச் செல்கிறான். வீதியில் என்னைக் கண்டால் தந்தை சைக்கிளை நிறுத்தி இறங்கி, மரியாதையாக நலம் விசாரிப்பார். மாலையில் வானொலி கேட்பது தம் வழக்கம் என்று ஒருமுறை கூறியிருக்கிறார். இப்பேச்சையும் அவர் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.