ஓசூர்ச் சாலையின் மேலொரு சாலை

பெங்களூருக்குத் தெற்கே, கோணப்பன அக்ரஹாரம், தொட்டதோகூர் ஆகிய கிராமங்களில், 1970களின் பிற்பகுதியில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் ஸ்தாபனம் 332 ஏக்கர் நிலத்தை வாங்கியபோது, அதன் தலைவரான ஆர். கே. பாலிகாவின் மனக்கண்ணுக்கன்றி வேறு எவர் கண்ணுக்கும் அங்கே ஒரு நகரம் தென்பட்டிருக்குமா என்பது சந்தேகமே. அந்த எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடி மாளிகைகளை வர்ணிப்பவர்கள் அனேகர். நான் சொல்ல வந்தது அங்கே போகும் பாதையைப் பற்றி.

கீழே ஓசூர்ச் சாலையின் நெரிசல் நம்மைத் தொடாதபடி, ஒற்றைத் தூண்களின் வரிசைமீது ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஓடி, அதற்குச் சுங்கமும் வாங்கிக்கொண்டு, நம்மை ஊர்வாசலில் இறக்கிவிடும் மேம்பாலச் சாலை 2010 ஜனவரியில் திறக்கப்பட்டது. வேறிடத்தில் வார்த்த கான்கிரீட் துண்டங்களைத் தூணுக்கும் தூணுக்கும் இடையே வரிசையாக நிறுத்தி, எஃகு வடங்களைக் கோத்து, விறைக்க இழுத்துப் பூட்டிய நிர்மாணம் அது. அந்த வடங்களின் பூர்வோத்தரத்தை விசாரித்தால், பிரான்ஸ் தேசத்துக் கமான் பாலம் ஒன்றில் போய் முடியும்.

அமுக்கினால் தாங்கும், இழுத்தால் வெடிக்கும் என்பது கான்கிரீட்டின் சுபாவம். ஆகவே ஆதியில் அதைக் கையாண்டவர்கள், பாரமெல்லாம் அமுக்கமாகவே கரைக்குப் போய்ச் சேரும்படி, கல்தச்சர் வழியில் வளைவு கட்டினார்கள். யூஜின் ஃப்ரெய்சினே என்ற இளம் இன்ஜினீயர், ஒரு பாலத்துக்குப் போட்ட மதிப்பீட்டிலேயே மூன்று பாலங்கள் கட்டித் தருவதாகச் சொல்லி, அவற்றுள் ஒன்றாக, அலியே நதியின்மேல் லெ வெர்த்ரே என்னும் ஊரில், நீண்ட வீச்சுள்ள மூன்று மெல்லிய வளைவுகளை 1912 வாக்கில் முடித்தார். வளைவின் உச்சியில் ஜாக்கிகளைப் பொருத்தி இரு பாதிகளையும் தள்ளியதில், வளைவு தானே சாரத்தைவிட்டு மேலெழும்பியது.

சில மாதங்களில் வளைவுகள் மெல்லத் தாழத் தொடங்கின. இறுகிய கான்கிரீட் பிறகு உருமாறாது என்பது அன்றைய சாஸ்திரம், சாஸ்திரம் பொய்த்தது. ஃப்ரெய்சினே நம்பகமான சில ஆட்களோடு, இரவோடிரவாக, ஜாக்கிகளை மறுபடி உச்சியில் வைத்து வளைவுகளைத் தூக்கி நிறுத்திவிட்டார். மேலிடத்துக்கு விண்ணப்பம் எழுதி உத்தரவுக்குக் காத்திருந்தால் பாலமும் காத்திருந்திருக்குமா என்பது என் ஐயம்.

நெடுநாள் பாரத்தின்கீழ் கான்கிரீட் குறுகிக்கொண்டே போகும் என்று அவர் அங்கே கண்டுகொண்டார். கான்கிரீட்டை முன்கூட்டியே அமுக்கிவைக்கச் சாதாரண எஃகை இழுத்துக் கட்டினால் அந்தக் குறுகலில் இழுவை முழுவதும் வீணாகும். உறுதிமிக்க எஃகை மிகப் பலமாக இழுத்தால், வீணானது போக மிச்சம் நிற்கும். இதை வைத்தே 1928இல் முன்தகைவு முறைக்கு அவர் காப்புரிமை பெற்றார். வளைவின் உருவம் தந்த அமுக்கத்தை வடம் தந்தபின், பாலம் நேராக ஓடலாயிற்று. லெ வெர்த்ரே பாலமோ இரண்டாம் உலக யுத்தத்தில் தகர்ந்தது.

வளைவு அதோடு மறைந்துவிடவில்லை. நாம் புறப்பட்ட ஓசூர்ச் சாலையிலேயே மேலே போய், ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாகச் சென்னை போகிறவர்கள், கூவம் கடலில் சேருமிடத்தில் நேப்பியர் பாலத்தைப் பார்க்கலாம். 1869இல் இரும்பால் கட்டியது, 1943இல் ஆறு கண்களுள்ள கான்கிரீட் வில்வளைவாக மாறியது. வில்லை நாண் பிடிப்பதுபோல் சாலைத்தளமே வளைவின் உதைப்பைப் பிடித்துக்கொள்வதால், கரை அதைத் தாங்க வேண்டியதில்லை. முகத்துவாரத்து மணலுக்கு உகந்த ஏற்பாடு. பக்கத்திலேயே அதே ஜாடையில் பிற்காலத்தில் எழுப்பிய தம்பியும் நிற்கிறது. மூத்தது எது என்று உள்ளூர்க்காரரைக் கேட்டுக்கொள்வது உத்தமம்.