சம்பள நாள் இல்லாத ஊரில் சந்தை



கைவிடப்பட்ட பெரிய கட்டடங்களைச் சூழலுக்குக் கேடில்லாமல் வணிக வளாகமாக மாற்றுவது எப்படி என்று பேசக் கூடியிருக்கிறோம். அதை இந்தத் தங்கவயலில் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. எஞ்சி நிற்கும் கூடங்களில் கடை வைத்தால் என்ன என்று யாரும் கேட்டுவிடலாம். வாடகைக்கு எடுக்க ஆளும் வருவார்கள். சாமான் வாங்க யார் வருவார்கள்?

இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதி மைன்ஸ் சம்பளத்தில் வளர்ந்தது. ஒரு காலத்தில் 30,000 பேருக்கு மேல் இந்தச் சுரங்கங்களில் வேலை பார்த்தார்கள். சம்பள நாளில்தான் பழைய பற்று தீரும். மறுநாளே புதுப் பற்று எழும். இன்று மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூர் போகிறவர்களின் உழைப்பில்தான் பல சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் அடுப்பு எரிகிறது. கூலி கிடைக்கும் ஊரிலேயே துணிமணியும் செல்போனும் வாங்கிவிடுகிறார்கள். இங்கே குளிரூட்டிய வளாகம் ஒன்றைக் கட்டினால், இருக்கிற சிறு கடைக்காரர்களின் வியாபாரத்தைத்தான் அது தின்னும்.

வெளியே என்ன நடந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மெக்காலன் என்ற ஊரில் வால்மார்ட் விட்டுப்போன கடை 2011-ல் பொது நூலகமானது. ஒரு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட ஒரே தளம். கொழும்பில் டச்சுக்காரர் காலத்து மருத்துவமனை அதே 2011-ல் சிறு கடைகளும் உணவகங்களும் கொண்ட முற்றமாயிற்று. கோயம்புத்தூரில் லட்சுமி மில் வளாகத்துக்குள் 2023-ல் லூலு பேரங்காடி வந்தது. இடிக்காமல் விட்ட சுவரும் இரும்பும் புதிதாகச் செய்ய வேண்டாத சுவரும் இரும்பும் ஆகும். சூழல் கணக்கில் முதல் லாபம் அதுதான். அதைப் பற்றி இங்கே கட்டுரைகள் இருக்கின்றன. நான் விரிக்கவில்லை.

நமக்கு அதிகம் கற்றுத் தருவது மும்பைதான். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. 1991-ல் வந்த நகர வளர்ச்சி விதி 58, ஆலை நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பொது வெளிக்கு, இன்னொரு பங்கு மலிவு வீடுகளுக்கு, மீதி உரிமையாளருக்கு என்று பிரித்தது. நல்ல விதி. 2001-ல் அதைத் திருத்தினார்கள்: கட்டடம் இல்லாத காலி நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும். ஆலைக் கட்டடங்கள் நின்ற நிலம் கணக்கிலிருந்து நழுவியது. ஊருக்கு வர வேண்டிய பங்கு சுருங்கிப்போயிற்று. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் 2006-ல் திருத்தமே நிலைத்தது. லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று ஆடம்பரக் கடைகள். புகைபோக்கியை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதன் கீழே நெய்தவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே காவலாளி வேலை கிடைத்தால் பெரிது. இதைப் பாரம்பரியப் பாதுகாப்பு என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே தங்கவயலில் ஒரு கூடத்தைத் திறக்கும் முன்பே ஊரின் பங்கை எழுதிவிட வேண்டும். கட்டடம் நிற்கும் நிலத்தையும் சேர்த்து எழுத வேண்டும். என் யோசனை இது: பாதிக்குக் குறையாத தளத்தில் வேலை நடக்கட்டும். தையல், இயந்திரப் பழுதுபார்ப்பு, தக்காளி பதப்படுத்தல் என எதுவாகவும் இருக்கலாம். பெமல் தொழிற்சாலை நெடுங்காலமாக இங்கே இருப்பதால் இரும்பு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. மீதியில் கடைகள், அவற்றிலும் முதல் உரிமை இங்குள்ள சிறு வியாபாரிகளுக்கு. சூப்பர் மார்க்கெட் ஒன்று வந்தால் கடைசியாக வரட்டும்.

இனி மண். வெளியூர் வல்லுநர்கள் இங்கேதான் இடறுவார்கள். நாம் சைனைட் மேடு என்று சொல்லும் குன்றுகள் பொன் எடுத்த பின் கொட்டிய கழிவு. மொத்தம் 13 மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். சைனைடு வெயில் பட்டு நாளடைவில் சிதையும். உடன் கிடக்கும் உலோகங்கள் அப்படிப் போய்விடா. ஆடிக் காற்றில் அந்தத் தூள் கூரையெல்லாம் படியும். பசுமைக் கட்டடத்துக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் மழைநீரைப் பூமிக்குள் இறக்கினாயா என்று கேட்பார்கள். மேட்டை ஒட்டிய நிலத்தில் அப்படி இறக்கினால் கழிவின் உப்பையும் உலோகத்தையும் நிலத்தடி நீருக்குள் நாமே அனுப்பியவர்களாவோம். தூள் கழுவிய முதல் மழையைத் தனியே பிடித்துச் சோதிக்க வேண்டும். அடுத்ததை அடி கசியாத தொட்டியில் சேர்க்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்தப் பக்கத்தில், பத்தாயிரம் சதுர அடிக் கூரை சேதாரம் போக ஐந்து லட்சம் லிட்டர் தரும். பேத்தமங்கலத் தண்ணீரை நம்பிக் காத்திருக்கும் ஊருக்கு அது சிறிய கணக்கன்று.

மண்ணுக்கும் கீழே இன்னொரு கவலை. மூன்று கிலோமீட்டருக்கு மேல் தோண்டிய ஊர் இது. பம்புகள் நின்றதும் பள்ளங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. பழைய சுரங்க வரைபடத்தைப் பக்கத்தில் வைக்காமல் இங்கே யாரும் அஸ்திவாரம் போடக் கூடாது. கழிவு மேடுகளில் மீண்டும் பொன் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்திருப்பதையும் மறக்கக் கூடாது. பக்கத்து மேட்டைக் கரைக்கத் தொடங்கும் நாளில், இந்தப் பக்கம் காய்கறிக் கடை திறந்திருந்தால் என்ன ஆகும்?

நிகழ்ச்சி நிரலில் முகப்பு வடிவமைப்பு முதல் அமர்வாகவும் மண் பரிசோதனை கடைசி அமர்வாகவும் இருக்கின்றன. அமைப்பாளர்கள் பொறுத்துக்கொண்டு அந்த இரண்டையும் இடம் மாற்ற வேண்டும் என்று கேட்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன். மண் பற்றி எழுதியிருப்பவர்கள் மேடைக்கு வாருங்கள்.