காக்க வேண்டியதும் கொடுக்க வேண்டியதும்



பட்டமளிப்பு விழாவில் பேச அழைக்கப்படுகிறவர் தேசத்தின் எதிர்காலத்தைப் பற்றியும் இளைஞர்களின் கடமையைப் பற்றியும் பேச வேண்டும் என்பது நெடுநாளைய சம்பிரதாயம். அச்சம்பிரதாயத்தில் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆயினும், இன்று பட்டம் பெறுகிறவர்களில் கணிசமானோர் ஆய்வு மாணவர்கள் என்று கேள்வியுற்றபோது, சர்வகலாசாலைகள் வாய்விட்டுப் பேசத் தயங்குகிற ஒரு விஷயத்தை உங்கள் முன் வைத்தால் என்ன என்று தோன்றியது. அரும்பாடுபட்டுச் சேகரித்த ஆராய்ச்சித் தரவுகள் களவு போவதும், போனபின் அவற்றைப் பறிகொடுத்த ஸ்தாபனங்கள் நடந்துகொள்ளும் விதமுமே அந்த விஷயம்.

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், நார்விச் நகரில், ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஓர் அங்கமாக, ஹியூபர்ட் லாம்ப் என்ற அறிஞரின் முயற்சியால் 1972-ல் தோன்றிய தட்பவெப்ப ஆராய்ச்சிப் பிரிவு, பல தேசங்களின் வானிலை நிலையங்கள் தலைமுறை தலைமுறையாகக் குறித்துவைத்த உஷ்ணநிலைக் கணக்குகளைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, பூமி எவ்வளவு சூடேறியிருக்கிறது என்று கணித்துச் சொல்லும் பணியை மேற்கொண்டிருந்தது. பகட்டில்லாத, பொறுமை ஒன்றையே மூலதனமாகக் கொண்ட வேலை அது. 2009 நவம்பரில், கோபன்ஹேகனில் தட்பவெப்பம் பற்றிய உலக மகாநாடு கூடுவதற்கு மூன்று வாரங்கள்கூட இல்லாத சமயத்தில், அப்பிரிவின் சர்வரிலிருந்து களவாடப்பட்ட 1,000-க்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களும், அவற்றோடு கணக்குகளும் குறிப்புகளும் அடங்கிய பல கோப்புகளும் உலகத்தின் முன் கொட்டப்பட்டன. பதின்மூன்று வருஷ காலமாக விஞ்ஞானிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. அவற்றில் சந்தேகங்கள் இருந்தன, எரிச்சல் இருந்தது, எதிராளிகளைப் பற்றிய ஏளனமும் இருந்தது. எந்தத் துறையின் பேராசிரியருடைய கடிதக்கட்டை அவிழ்த்தாலும் இவையெல்லாம் இருக்கும் என்பதை இந்த மேடையில் அமர்ந்திருப்பவர்கள் மறுக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன். ஆனால் முன்பின் இல்லாமல் பிய்த்தெடுக்கப்பட்ட சில வாக்கியங்கள், பூமி சூடேறுகிறது என்ற முடிவே ஜோடனை என்பதற்குச் சாட்சியமாக ஊரெங்கும் வாசிக்கப்பட்டன. பிரிவின் இயக்குநர் ஃபில் ஜோன்ஸ், விசாரணை முடியும்வரை பதவியிலிருந்து ஒதுங்கி நின்றார். அவருக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன.

இவ்வளவோடு கதை முடிந்திருக்குமானால், நல்லோர் துன்புற்றார்கள், தீயோர் தப்பினார்கள் என்று பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் களவுக்கு முந்திய சில வருஷங்களில் நடந்ததையும் பார்க்க வேண்டும். அப்பிரிவின் முடிவுகளை ஏற்காதவர்கள், மூலக் கணக்குகளைக் கொடுங்கள், நாங்களும் போட்டுப் பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பல தேசங்களின் வானிலை இலாகாக்கள் பிறருக்குக் கொடுப்பதில்லை என்ற நிபந்தனையின்பேரில் தந்தவை, ஆதலால் கொடுப்பதற்கில்லை என்பது பிரிவின் பதில். அதில் உண்மை இல்லாமலில்லை. கேட்டவர்களில் பலருக்கு அறிவதைவிட அலைக்கழிப்பதே நோக்கம் என்று விஞ்ஞானிகள் நினைத்ததிலும் நியாயம் இல்லாமலில்லை. 2009 ஜூலையில் ஒரே வாரத்தில் 50-க்கும் மேற்பட்ட மனுக்கள் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்து குவிந்தன. இப்படித் தொந்தரவுக்கு ஆளான மனிதர் கதவைச் சாத்திக்கொள்வது இயல்புதான். ஆனால் கதவைச் சாத்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. சர்வதேச அறிக்கை ஒன்றைப் பற்றித் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை அழித்துவிடும்படி இயக்குநரே சகாக்களுக்கு எழுதிய வரியும் களவாடப்பட்ட கட்டுக்குள் இருந்தது. அந்த ஒரு வரி செய்த சேதத்தை வேறெந்த வரியும் செய்யவில்லை என்பது என் அபிப்பிராயம்.

2010-ல் விசாரணைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் விஞ்ஞானக் குழு மார்ச்சிலும், ஆக்ஸ்பர்க் பிரபுவின் தலைமையிலான அறிஞர் குழு ஏப்ரலிலும், சர் மியூர் ரஸ்ஸலின் குழு ஜூலையிலும் தத்தம் அறிக்கைகளைக் கொடுத்தன. ஆக்ஸ்பர்க் குழுவின் அறிக்கை சில பக்கங்களே கொண்டது. விசாரணைக் கமிஷன் என்றால் பல தொகுதிகள் எழுதி அலமாரியில் அடுக்குவது என்று பழகிப்போன நமக்கு அது ஆச்சரியமாகக்கூட இருக்கும். விஞ்ஞானிகள் கணக்கைத் திரிக்கவில்லை, அவர்களுடைய நேர்மைக்குப் பங்கமில்லை என்பதில் மூன்றும் ஒருமித்தன. கேட்டவர்களுக்குக் கொடுப்பதில் ஆராய்ச்சிப் பிரிவும் பல்கலைக்கழகமும் காட்டியிருக்க வேண்டிய வெளிப்படைத்தன்மையைக் காட்டவில்லை என்று மியூர் ரஸ்ஸல் குழு தயவுதாட்சண்யமின்றிச் சொல்லிற்று. பாராளுமன்றக் குழுவும் மறைத்துவைக்கும் அந்த வழக்கத்தைக் கண்டிக்கத் தவறவில்லை.

ரஸ்ஸல் குழு செய்த ஒரு காரியம் என் மனத்தை விட்டு அகல்வதில்லை. பகிரங்கமாகக் கிடைக்கும் வானிலைக் கணக்குகளைத் தானே எடுத்து, அதற்கென்று ஒரு கணினி நிரலை இரண்டு நாளுக்குள் எழுதி, அக்குழுவே உலக உஷ்ணநிலையைக் கணித்துப் பார்த்தது. நார்விச்சில் கண்ட முடிவே அங்கும் வந்தது. ஆக, சண்டை முழுவதும் எதற்காக நடந்ததோ அதை, தேர்ச்சியுள்ள எவரும் இரண்டு நாளில் சரிபார்த்துக்கொண்டிருக்கலாம். பிறகு 2011-ல் தகவல் ஆணையர் உத்தரவிட்டதன்பேரில் 5,000-க்கும் அதிகமான நிலையங்களின் கணக்குகளைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அனுமதி மறுத்த போலந்து தேசத்தின் 19 நிலையங்கள் மாத்திரம் விடுபட்டன. வெளியிட்ட கணக்குகளால் யாருக்கும் ஒரு கேடும் விளையவில்லை. விஞ்ஞானத்தின் முடிவும் மாறவில்லை. வருஷக்கணக்காக மறுத்துவந்ததை முன்பே மனமுவந்து கொடுத்திருந்தால், அந்தத் திருட்டுக் கடிதங்கள் வெறும் ஊர்வம்பாகப் போயிருக்கும்.

திருடன் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. வெளியிலிருந்து இணையத்தின் வழியே நுட்பமாகத் திட்டமிட்டு நடத்தப்பட்ட களவு என்றும், உள்ளே இருந்தவர்கள் யாரும் உடந்தையாக இருந்ததற்குச் சான்று இல்லை என்றும் கண்ட நார்ஃபோக் போலீசார், வழக்குத் தொடர்வதற்குச் சட்டம் வகுத்த 3 வருஷ வரம்பு நெருங்கவே 2012 ஜூலையில் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். தகவல் கேட்டவர்களின் மனுக்கள் சட்டப்படி கையாளப்படவில்லை என்று கண்ட ஆணையர் அலுவலகத்தாலும், 6 மாத வரம்பு கடந்துவிட்டபடியால் அதன்மேல் வழக்குத் தொடர முடியவில்லை. களவாடியவனும் கொடுக்க மறுத்தவரும் ஒரே விதமாகக் காலவரம்பின் நிழலில் ஒதுங்கிக்கொண்டது சட்டத்தின் விசித்திரங்களில் ஒன்று.

இங்கே ஒரு பேதத்தை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் இரண்டு விதமான பொருள்கள் இருக்கின்றன. மழை எவ்வளவு பெய்தது, நட்சத்திரம் எங்கே நின்றது, இந்தக் கலவையை இத்தனை சூட்டில் வைத்தால் என்ன ஆயிற்று என்பன போன்ற கணக்குகள் ஒரு விதம். இவை உலகத்துக்குச் சொந்தம், சரிபார்க்க விரும்புகிறவனுக்கு மறுக்கத்தகாதவை. மற்றொரு விதம், ஒரு நோயாளி தன் வியாதியைப் பற்றியும், ஒரு விவசாயி தன் கடனைப் பற்றியும், ஒரு பெண் தன் வீட்டில் படும் துன்பத்தைப் பற்றியும் நம்மை நம்பிச் சொல்லியவை. இவற்றுக்கு நாம் தர்மகர்த்தாக்களேயன்றி உடைமையாளர்கள் அல்லர். நம்முடைய ஸ்தாபனங்கள் பெரும்பாலும் செய்வது என்னவென்றால், முதலாவதைப் பூட்டிவைத்துவிட்டு இரண்டாவதை மேஜைமேல் போட்டுவைப்பதுதான். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில், நோயாளிகளின் பெயரும் வியாதியும் அடங்கிய மடிக்கணினி ஒன்று பஸ்ஸில் களவு போயிற்று. அதைப்பற்றிக் கூடிய குழுவின் தீர்மானத்தில் கணினியின் விலையும், அதை ஆய்வு மாணவரின் உதவித்தொகையில் பிடித்துக்கொள்ளும் விதமும் விஸ்தாரமாக எழுதப்பட்டிருந்தன. அந்த நோயாளிகளுக்குச் சொல்ல வேண்டுமே என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

களவு எப்படி நேர்கிறது என்பதில் நான் அதிக நேரம் செலவிடப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லுகிறேன், ஏனெனில் அது நம் போன்றவர்களின் பலவீனத்தை நன்றாக அறிந்தவர்கள் செய்தது. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதி இலாகா ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர்மேல் சாட்டிய குற்றப்பத்திரிகையின்படி, அவர்கள் அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களிலும் பிற நாடுகளில் 176 பல்கலைக்கழகங்களிலும் புகுந்து 31 டெராபைட்டுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சிச் செல்வத்தைக் கொண்டுபோனார்கள். சுமார் 8,000 பேராசிரியர்களின் கடவுச்சொற்கள் அவர்கள் கையில் சிக்கினவாம். வழி மிகவும் எளியது. வேறொரு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எழுதுவதுபோல, தங்கள் கட்டுரையைப் படித்தேன், ஆர்வமுற்றேன் என்று ஒரு கடிதம். அதோடு ஓர் இணைப்பு. தம் கட்டுரையை யாரோ ஒருவர் படித்துவிட்டார் என்ற ஆனந்தத்தில் எந்தப் பேராசிரியருக்குத்தான் கை நிற்கும்?

களவு போன பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஸ்தாபனத்தின் தரம் வெளிப்படுகிறது. வீட்டில் திருடு போனால் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவது கௌரவக் குறைவு என்று வாயை மூடிக்கொள்ளும் குடும்பத்தைப் போலத்தான் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் நடந்துகொள்கின்றன. விலக்கும் உண்டு. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகத்தில் 2018 நவம்பரில் ஒரு மின்னஞ்சலின் மூலம் உள்ளே நுழைந்தவர்கள், ஆள், பணம், மாணவர் பதிவு ஆகியவற்றைக் காக்கும் பகுதியில் பல வாரங்கள் உலவியிருக்கிறார்கள். 2019 மே மாதத்தில் களவு தெரியவந்தது. ஜூன் மாதத் தொடக்கத்திலேயே, பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றவரும் அப்போது துணைவேந்தராக இருந்தவருமான பிரையன் ஷ்மிட், 19 வருஷத்து விவரங்கள் போயிருக்கக்கூடும் என்று பகிரங்கமாக அறிவித்தார். அதோடு விடாமல், நுழைந்தவர்கள் எந்த வழியாக வந்தார்கள், தங்கள் காவலில் எந்தெந்த ஓட்டைகள் இருந்தன என்பதையெல்லாம் விவரித்து அக்டோபரில் ஓர் அறிக்கையைப் பிரசுரித்தார்; போனது முதலில் பயந்ததைவிட வெகு குறைவு என்பதும் அதில் தெரியவந்தது. பிற ஸ்தாபனங்கள் அதைப் படித்துத் தங்கள் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளட்டும் என்பதே நோக்கம்.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தின் கதை இன்னும் சிக்கலானது. 2019 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாட்களில் அதன் 267 சர்வர்கள், சொந்தக்காரரே தொட முடியாதபடி சங்கேதத்தால் பூட்டப்பட்டன. ஆராய்ச்சியாளர்களின் பல்லாண்டு உழைப்பும் மாணவர்களின் தேர்வும் அந்தரத்தில் நின்றன. நிர்வாகம் 30 பிட்காயின், அதாவது ஏறக்குறைய 2 லட்சம் யூரோ, கொடுத்துச் சாவியை வாங்கியது. கொள்ளைக்காரனுக்குக் கப்பம் கட்டியது தவறு என்பவர்களோடு நான் வாதிடமாட்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஆனால் 2020 பிப்ரவரியில் ஒரு கூட்டத்தைக் கூட்டி, எப்படி ஏமாந்தோம், ஏன் பணம் கொடுத்தோம் என்று அவர்கள் ஒளிவுமறைவின்றிச் சொன்னது தவறே இல்லாத காரியம். கொடுத்த பணத்தில் ஒரு பகுதியைப் போலீசார் பின்னர் உக்ரைனில் ஒரு கணக்கில் கண்டுபிடித்தார்கள். அதற்குள் பிட்காயினின் மதிப்பு ஏறிவிட்டபடியால், 40,000 யூரோவாக முடக்கப்பட்டது 2022-ல் 5 லட்சம் யூரோவாகத் திரும்பி வந்தது. கஷ்டப்படும் மாணவர்களுக்கான நிதியாக அதை ஒதுக்கினார்கள்.

நம் தேசத்திலும் சட்டம் இல்லாமலில்லை. கணினிக் களவு தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு பிறந்தது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-ல் தனிச் சட்டமே நிறைவேறியது. ஆனால் உத்தரவு அலுவலகத்துக்கு வந்து சேர்வதும், ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்வதும் வேறு வேறு. உங்களில் முனைவர் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறிவிடும், எவரும் படிக்கலாம். அந்த ஏடுகளுக்கு அடியில் இருக்கிற தரவுகள் எங்கே போகின்றன? நானறிந்தவரையில் அவை பென் டிரைவிலும், தம்பிக்குக் கொடுத்துவிட்ட பழைய மடிக்கணினியிலும், ஜெராக்ஸ் கடைக் கணினியிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

ஆகையால், துணைவேந்தர் அவர்களையும் துறைத்தலைவர்களையும் நான் கேட்டுக்கொள்வது, தரவுகளை வாங்கிக் காக்கத் துறைதோறும் ஓரிடத்தையும் ஒரு பொறுப்பாளரையும் இந்த வருஷமே ஏற்படுத்துங்கள் என்பது. பட்டம் பெற்ற உங்களைக் கேட்டுக்கொள்வது இன்னும் சுலபமானது. இந்த அங்கியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், உங்கள் ஆய்வின் மூலத் தரவுகளைத் துறையில் ஒப்படையுங்கள். பிறர் சரிபார்க்கத்தக்கவற்றை எவரும் எடுக்கும்படி வையுங்கள்; மனிதர்களின் பெயரும் அந்தரங்கமும் உள்ளவற்றை வேறாகப் பிரித்துப் பூட்டுக்குள் வையுங்கள். உங்கள் கையில் மிச்சமிருக்கும் நகல்களை அழித்துவிட்டு, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கிக்கொண்டு ஊருக்குப் புறப்படுங்கள்.