ஆங்கிலத் தேர்வு: மனப்பாடம் அன்று, பழக்கமே வழி

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி அமர்வில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

  

அயல்நாட்டில் பணிபுரியவும் உயர்கல்வி கற்கவும் விரும்பும் நம் பிள்ளைகள் எழுத வேண்டியுள்ள ஆங்கிலத் திறன் தேர்வைக் குறித்துப் பேசுமாறு நிர்வாகத்தினர் பணித்துள்ளார்கள். பள்ளிவாசல் மேடையில் ஆங்கிலத் தேர்வைப் பற்றிய பேச்சா என்று எவரும் எண்ண வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்த பின்னர், யூதர்களுடன் நடைபெறும் கடிதப் போக்குவரத்திற்காக அவர்களின் எழுத்தைக் கற்குமாறு இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். ஏறத்தாழ அரை மாதத்திற்குள் அவர் அதைக் கற்றுத் தேர்ந்து, கடிதங்களைப் படித்துக் காட்டவும் எழுதவும் செய்தார் என்பது நாம் அறிந்த வரலாறு. தேவைக்காகப் பிறமொழி கற்பது நம் மார்க்கத்திற்கு அந்நியமான செயல் அன்று.

நமக்கு ஏன் இந்தத் தேர்வு?

நம் முந்தைய தலைமுறையினர் வளைகுடா நாடுகளுக்குச் சென்றபோது கைத்தொழிலும் உடல் உழைப்புமே அவர்களின் மூலதனமாக இருந்தன. இன்று நிலைமை வேறு. நம் பெண்மக்கள் செவிலியர் பட்டமும் பட்டயமும் பெற்று வருகின்றனர். நம் இளைஞர்கள் பாலிடெக்னிக் முடித்துக் காக்களூர் தொழிற்பேட்டையிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் ஷிப்ட் முறையில் உழைத்து அனுபவம் சேர்க்கின்றனர். திருவள்ளூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. படிப்பும் அனுபவமும் கையில் இருந்தும், பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற நாடுகளின் வாசலில் ஆங்கிலத் தேர்வு என்னும் பூட்டு தொங்குகிறது.

அந்தப் பூட்டைத் திறப்பதற்காகத் தாயின் நகையை வட்டிக்கு அடகு வைத்து, இரண்டு முறை, மூன்று முறை என்று கட்டணம் கட்டித் தோல்வியுற்று மனம் ஒடிந்துபோகும் குடும்பங்கள் பல. ஒருமுறை ஐயெல்ட்ஸ் எழுதச் சுமார் 18,000 ரூபாய் ஆகிறது. மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வுக்கு முப்பதாயிரத்திற்கும் மேல் ஆகிறது. ஆகவே இது பிள்ளையின் படிப்பு பற்றிய செய்தி மட்டுமன்று. குடும்பத்தின் பொருளாதாரமும், வட்டி என்னும் பாவத்திலிருந்து விலகி நிற்பதும் இதில் அடங்கியுள்ளன.

தேர்வின் அமைப்பு

ஐயெல்ட்ஸ் தேர்வு 1989இல் தொடங்கப்பெற்றது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் கொண்டது. கேட்டலில் 40 வினாக்கள், சுமார் அரை மணி நேரம். ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். படித்தலில் 40 வினாக்கள், ஒரு மணி நேரம். எழுதுதலில் ஒரு மணி நேரத்திற்குள் குறைந்தது 150 சொற்களில் ஒன்றும், 250 சொற்களில் ஒன்றுமாக இரண்டு எழுத வேண்டும். பேசுதல் 11 முதல் 14 நிமிடம் வரை தேர்வாளர் ஒருவருடன் நடைபெறும் உரையாடல். மதிப்பெண் 9 வரை, அரைப்புள்ளி இடைவெளியில் வழங்கப்படுகிறது. உயர்கல்விக்கும் செவிலியர் பதிவுக்கும் அகாடமிக் என்ற பிரிவு. குடியேற்றத்திற்குப் பெரும்பாலும் ஜெனரல் டிரெய்னிங் என்ற பிரிவு. எந்தப் பிரிவு தேவை என்பதை உறுதி செய்துகொள்ளாமல் கட்டணம் கட்டக் கூடாது.

ஓ.இ.டி. தேர்விலும் இதே நான்கு பகுதிகள் உண்டு. ஆனால் உள்ளடக்கம் மருத்துவமனை சார்ந்தது. எழுதுதலில் நோயாளியின் குறிப்புகளைக் கொண்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். பேசுதலில் நோயாளியிடமோ உறவினரிடமோ பேசுவது போன்ற இரண்டு உரையாடல்கள். வார்டில் பணிபுரிந்த செவிலியருக்கு இந்தத் தேர்வு இயல்பாக அமையலாம்.

பிரிட்டனின் செவிலியர் மன்றம், கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் ஐயெல்ட்ஸில் தலா 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது. ஓ.இ.டி.யாயின் முதல் மூன்றில் ‘பி’ தரம், எழுதுதலில் ‘சி பிளஸ்’. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாணவி படித்தலில் 8.5 பெற்று, பேசுதலில் 6.5 பெற்றால், மொத்தச் சராசரி 7ஐத் தாண்டினாலும் பயனில்லை. ஒவ்வொரு பகுதியிலும் வரம்பைத் தொட வேண்டும். ஆகவே வலுவான பகுதியை மேலும் மெருகூட்டுவதில் நாளைக் கழிக்காமல், நலிந்த பகுதியிலேயே உழைக்க வேண்டும்.

எங்கே இடறுகிறோம்?

நம் பிள்ளைகள் செவிலியர் பாடநூல்களை ஆங்கிலத்தில் படித்தவர்கள். தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதியவர்கள். ஆயினும் அந்த ஆங்கிலம் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. காதுக்கும் நாவுக்கும் வரவில்லை. பாடத்தை மனனம் செய்து எழுதித் தேறிய பழக்கத்தால், இந்தத் தேர்வுக்கும் நூறு கட்டுரைகளை மனப்பாடம் செய்தால் போதும் என்று எண்ணுகின்றனர். பயிற்சி நிலையங்கள் சிலவும் அச்சிட்ட கட்டுரைகளைக் கொடுத்து அவ்வாறே பழக்குகின்றன.

திருக்குர்ஆனை மனனம் செய்வது பெரும் பாக்கியம். ஆனால் இந்தத் தேர்வில் மனப்பாடம் செய்த விடையைத் தேர்வாளர் எளிதில் கண்டுகொள்வார். அதற்கு மதிப்பெண் குறையும். தேர்வு அளப்பது நாம் எவ்வளவு சேர்த்து வைத்துள்ளோம் என்பதையன்று. கேட்ட நொடியில் புரிந்து, நினைத்ததைச் சொல்ல முடிகிறதா என்பதையே. அது பழக்கத்தால் வருவது. ஹிஃப்ழு மாணவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. ஒருநாள் கூடத் தவறாமல் சபக் கொடுப்பதும், பழைய பாடத்தைத் தவ்ர் செய்வதுமாகிய அந்த ஒழுங்கே அது. அந்த ஒழுங்கு ஆங்கிலத்திற்கு வந்தால் வெற்றி வரும், இன்ஷா அல்லாஹ்.

ஆயத்தம் செய்யும் முறை

முதலில் கேட்டல். ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தியோ உரையாடலோ கேட்கட்டும். ஒருமுறை கேட்டதும் நிறுத்தி, கேட்டதன் சாரத்தை இரண்டு வரிகளில் எழுதட்டும். எண்கள், தேதிகள், தெருப் பெயர்கள், எழுத்துக்கூட்டல் ஆகியவற்றில் தனிக்கவனம் வேண்டும். விடை தெரிந்தும் எழுத்துப்பிழையால் மதிப்பெண் இழப்போர் ஏராளம். இரண்டு சொற்களுக்குள் எழுதுக என்று கேட்டால் மூன்றாவது சொல் எழுதினாலே அந்த விடை தவறாகிவிடும்.

அடுத்து படித்தல். ஒரு மணி நேரத்தில் நீண்ட பகுதிகளைப் படித்து 40 விடை தர வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டும் வழக்கத்தை விட்டு, பத்தியின் கருத்தைப் பிடிக்கப் பழக வேண்டும். நாளிதழின் தலையங்கம் ஒன்றைக் கடிகாரம் வைத்துப் படித்து, ஒவ்வொரு பத்தியும் என்ன சொல்கிறது என்று ஒரு வரியில் குறித்துப் பார்ப்பது நல்ல பயிற்சி.

எழுதுதலே பலருக்குத் தடைக்கல். தமிழ் வாக்கியத்தில் வினை இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து வரும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் ‘ஏ’, ‘ஆன்’, ‘த’ என்னும் சிறு சொற்களைப் போன்றவை தமிழில் இல்லை. ஆதலால் அவற்றை விட்டுவிடுகிறோம். ஒருமை பன்மை, காலம் ஆகியவற்றிலும் பிழை நேர்கிறது. இவற்றைப் புத்தகம் திருத்தாது. மனிதர் ஒருவர் திருத்த வேண்டும். வாரம் இரண்டு கட்டுரை எழுதி, அறிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தம் பெற்று, திருத்தியதை மீண்டும் எழுத வேண்டும். பத்துக் கட்டுரைகளை வெறுமனே எழுதித் தள்ளுவதைவிட இரண்டைத் திருத்தி எழுதுவது மேல்.

பேசுதலில் அச்சமே முதல் எதிரி. தலைப்பைக் கொடுத்து ஒரு நிமிடம் சிந்திக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். வெள்ளையரைப் போல் ஒலிக்க வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை. தெளிவாக ஒலித்தால் போதும்.

இதில் நம் மதரஸா பிள்ளைகளுக்கு அல்லாஹ் ஓர் அனுகூலத்தைத் தந்துள்ளான். ஆங்கிலத்தில் தமிழர் பலர் தடுமாறும் ஒலிகளை, தஜ்வீதுடன் ஓதிய பிள்ளை முன்னரே கற்றிருக்கிறது. ‘ஃபா’ வேறு, ‘பா’ வேறு என்று அதற்குத் தெரியும். ‘ஸாய்’, ‘ஸீன்’, ‘ஷீன்’ மூன்றையும் அது கலப்பதில்லை. நாவின் நுனியை மேல்பற்களின் நுனியில் வைத்து ஒலிக்கும் எழுத்துகளின் மக்ரஜை உஸ்தாது சொல்லித் தந்திருக்கிறார். ஆங்கிலத்தின் ‘திங்க்’, ‘திஸ்’ ஆகிய சொற்களின் தொடக்க ஒலிகளும் அவ்விடத்திலிருந்தே பிறக்கின்றன. உஸ்தாதின் முன் அமர்ந்து திருத்தம் பெற்ற அதே பணிவுடன் ஆங்கில உச்சரிப்பையும் சரிசெய்யலாம்.

ஐந்தரையில் நிற்கும் ஒருவர் ஒரே மாதத்தில் ஏழை அடைவார் என்னும் விளம்பரத்தை நம்பாதீர்கள். ஆறு மாதமோ ஓராண்டோ நாள்தோறும் இரண்டு மணி நேரம் என்று திட்டமிடுங்கள். தேர்வு நடத்தும் நிறுவனங்களின் இணையதளங்களிலேயே மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றை முழு நேரமும் அமர்ந்து எழுதி, தேவையான மதிப்பெண் தொடர்ந்து வந்த பின்னரே கட்டணம் கட்டுங்கள். மதிப்பெண் சான்று இரண்டாண்டுகளே செல்லும் என்பதால், மிக முந்தியும் எழுதிவிடக் கூடாது.

பெயரில் கவனம்

நம் சமுதாயத்திற்கென்றே ஒரு சிக்கல் உண்டு. முஹம்மது என்ற திருப்பெயரையே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், பட்டயத்தில் வேறுவிதமாகவும், பாஸ்போர்ட்டில் மற்றொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பேகம், பீவி, தந்தை பெயர், இனிஷியல் ஆகியன ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இரா. தேர்வுக்குப் பாஸ்போர்ட்டே அடையாளச் சான்று. அதிலுள்ளபடியே பதிவு செய்ய வேண்டும். சான்றிதழ்களில் வேறுபாடு இருப்பின் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். விசா நேரத்தில் ஓடினால் மாதங்கள் வீணாகும்.

குறுக்குவழியின் விளைவு

2022 ஏப்ரலில் கனடாவிலிருந்து படகில் அமெரிக்காவுக்குள் நுழைய முயன்ற குஜராத் இளைஞர்கள் சிலர், படகு மூழ்கும் தறுவாயில் மீட்கப்பட்டனர். நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் கேட்ட கேள்விகளுக்கு அவர்களால் விடை கூற இயலவில்லை. ஆனால் ஐயெல்ட்ஸில் 6.5 முதல் 7 வரை பெற்றதாகச் சான்று இருந்தது. மெஹ்சானா காவல்துறை வழக்குப் பதிந்து விசாரித்தது.

அதற்கு முன் 2014இல், பிரிட்டனில் டோயிக் என்னும் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடைபெற்றதை பி.பி.சி. தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்தது. அதையடுத்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் விசா நடவடிக்கைக்கு ஆளாயினர். நேர்மையாக எழுதியவர்களும் அதில் சிக்கி ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏற நேர்ந்தது. ஒரு சிலரின் மோசடி எத்தனை பேரின் வாழ்வைக் குலைக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பொய்ச் சான்றால் பெறும் ஊதியம் எங்ஙனம் ஹலாலாகும்?

இன்னொரு எச்சரிக்கை. பிரிட்டனில் முதியோர் பராமரிப்புப் பணிக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் விசா வழி 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. செவிலியர் சேர்க்கையும் முன்னைவிடக் குறைந்துள்ளது. இன்னும் அந்த விசாவை விற்பதாக எவரேனும் வந்தால் பணம் கொடுக்காதீர்கள். 1978இல் தொடங்கப்பெற்ற தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இயங்குகிறது. அங்கே நேரில் விசாரியுங்கள். தனியார் முகவர் எனில், 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தாமா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள்.

ஜமாஅத்திற்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று: மதரஸா வகுப்பு இல்லாத நேரத்தில் ஓர் அறையை ஒதுக்கி, கணினியும் காதொலிக் கருவியும் வைத்து, மகளிருக்கும் ஆடவருக்கும் தனித்தனி நேரத்தில் ஆங்கிலப் பயிற்சி நடத்தலாம். நம் மஹல்லாவில் ஆசிரியப் பணியிலிருந்தோர், ஓய்வு பெற்றோர், அயல்நாட்டில் பணிபுரிந்து திரும்பியோர் வாரம் ஒருமுறை வந்து பிள்ளைகளுடன் ஆங்கிலத்திலேயே பேசினால் அதுவே பெரும் ஸதக்கா.

இரண்டு: மாதிரித் தேர்வுகளில் தேவையான மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணத்தைக் கர்ளன் ஹஸனாவாக வழங்கலாம். வட்டிக் கடையில் எந்தத் தாயின் நகையும் ஏறாதிருக்க இது உதவும். பணி கிடைத்ததும் திருப்பித் தரும் தொகை அடுத்த பிள்ளைக்குப் பயன்படும்.

மூன்று: வெளிநாட்டு வேலை என்று எவர் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும், பணம் கொடுக்கும் முன் சரிபார்த்துச் சொல்ல விவரமறிந்த இருவரை ஜமாஅத் நியமிக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல். முதல் முயற்சியில் மதிப்பெண் குறைந்தால் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எந்தப் பகுதியில் குறைந்தது என்று கேளுங்கள். அயல்நாடு செல்லும் நஸீப் அமையாவிட்டாலும், கற்ற ஆங்கிலம் வீண்போகாது. மருத்துவமனையிலும், தொழிற்சாலையிலும், நேர்முகத் தேர்விலும் கைகொடுக்கும்.

உழைப்பு நம்முடையது, பலன் அல்லாஹ்வின் கையில். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், ஹலாலான வாழ்வாதாரத்தையும், எந்நாட்டில் இருப்பினும் ஈமானுடன் வாழும் பேற்றையும் வல்ல ரஹ்மான் வழங்குவானாக! ஆமீன்.