வாங்கியவர் கையில் திறவுகோல்

(பரந்தனில் கமக்காரரும் ஆசிரியரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



உங்களுள் ஒருவர் உழவு இயந்திரமொன்றை விலைகொடுத்து வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் முழுவதும் கட்டியாயிற்று. பதிவுப் புத்தகம் அவர் பெயரிலே இருக்கிறது. ஆனால் எஞ்சின் மூடியை மட்டும் விற்றவர் பூட்டித் திறவுகோலைத் தம் மடியிலே முடிந்துகொண்டார். மூன்று ஆண்டு கழிகிறது. எஞ்சின் நன்றாகவே ஓடுகிறது. விற்றவரோ, "இனி இதற்கு நாம் பொறுப்பில்லை, புதிதொன்று வாங்கும்" என்கிறார். மூடியைத் திறந்து நாமே திருத்துவோம் என்றால், திறவுகோல் தரமாட்டேன் என்கிறார். இதனை ஏற்கும் கமக்காரர் இந்தப் பரந்தன் மண்ணிலே ஒருவரேனும் உண்டா? இல்லை. ஆயினும் நம் சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி விடயத்தில் இதே ஏற்பாட்டுக்கு நாம் எல்லோரும் வாய்திறவாமல் தலையசைத்துவிட்டோம். அதனைக் குறித்துப் பேசவே இன்று வந்தேன். அரசியற் கூட்டத்திலே கைத்தொலைபேசிக்கு என்ன வேலை என்று எண்ணுவோர் சற்றுப் பொறுத்திருந்து கேட்கவேண்டும்.

2022 ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அரசு கைவிரித்தது. கடல் கடந்து வரும் பொருள் ஒவ்வொன்றும் அன்று ஏழையின் எட்டாக் கனியாயிற்று. அதே ஆண்டு ஜூலையில் எரிபொருளுக்குக் கியூ.ஆர். முறை வந்தது. அது 2023 இல் நீங்கிவிட்டது. ஆனால் அது நமக்கு ஒன்றைக் கற்பித்துப் போயிற்று: கைத்தொலைபேசி இல்லாதவர் வரிசையிலே கடைசியில் நிற்கவேண்டியவர். வங்கியின் குறுஞ்செய்தி, பிள்ளையின் பாடம், நெல்லின் விலை, கனடாவிலிருந்து மகன் எடுக்கும் அழைப்பு, இவை யாவும் அச்சிறு பெட்டிக்குள்ளே குடியேறிவிட்டன.

அந்தப் பெட்டியோ கெட்டுப்போகாமலே சாகிறது. 2025 ஜனவரி 1 ஆம் திகதி வட்ஸ்அப் நிறுவனம், அன்ட்ரொயிட் 4.4 இலும் அதற்கு முந்திய பதிப்புகளிலும் இயங்கும் கைத்தொலைபேசிகளைக் கைவிட்டது. கண்ணாடி உடையவில்லை, பற்றரி இறக்கவில்லை, ஒலிவாங்கி பழுதாகவில்லை. உள்ளே இருக்கும் பணிசெயல் முறைமை பழையது என்பது ஒன்றே குற்றம். அந்த முறைமையைப் புதுக்கித் தரவேண்டியவர் செய்து விற்றவர். அவர் புதுக்குவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. நாமே புதுக்கலாமென்றால் அவர் போட்ட பூட்டு வழியை மறிக்கிறது.

நாமே புதுக்க முடியுமா? முடியும். அன்ட்ரொயிட் முறைமையின் அடித்தளம் லினக்ஸ். அதனை 1991 இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கினார். அது ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. யாரும் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். ஆனால் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்பது அவ்வுரிமத்தின் கட்டளை. நமது ஊர்ப் பொதுக்கிணறு போன்றது என்று கொள்ளுங்கள். எவரும் அள்ளலாம், எவரும் வேலி அடைக்க முடியாது. இது வெறும் நல்லெண்ணப் பேச்சு என்று சிலர் எண்ணினர். 2004 இல் ஹரால்ட் வெல்டே என்னும் நிரலாளர் தொடுத்த வழக்கில் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் அவ்வுரிமத்தைச் சட்டவலு உள்ளதாக ஏற்று, அதனை மீறிய வியாபார நிறுவனத்துக்குத் தடை விதித்தது. சட்டத்தரணி என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்புகளுள் அதுவும் ஒன்று.

மூலநிரல் பொதுவிலே கிடந்தமையால் உலகெங்கும் தொண்டர்கள் அதனை எடுத்துப் பழைய கைத்தொலைபேசிகளுக்குப் பொருத்தத் தொடங்கினர். 2009 இல் சயனொஜென்மொட் என்ற முறைமை பிறந்தது. பின்னர் அதன் பெயரில் ஒரு வியாபார நிறுவனம் எழுந்தது. 2016 டிசம்பரில் அந்நிறுவனம் கடையைச் சாத்தியது. ஆனால் நிரல் பொதுச்சொத்து அல்லவா? அதே மாதத்தில் தொண்டர்கள் அதனைக் கையேற்று லீனியேஜ் என்று பெயரிட்டு நடத்தினர். லீனியேஜ் என்றால் நம் மொழியிலே மரபு, கால்வழி. பெயர் பொருத்தமானதே.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 2012 இல் சாம்சங் கலக்ஸி எஸ்-3 விற்பனைக்கு வந்தது. அதன் ஐ-9300 என்ற வகைக்கு நிறுவனம் கொடுத்த கடைசி முறைமை அன்ட்ரொயிட் 4.3. அத்தோடு கைகழுவிற்று. தொண்டர்களின் லீனியேஜ் 14.1 அதே பெட்டியில் அன்ட்ரொயிட் 7.1 ஐ ஓடச் செய்தது. நிறுவனம் செத்ததென்று சொன்ன பெட்டிக்குத் தொண்டர்கள் மூன்று தலைமுறை ஆயுள் கொடுத்தனர்.

இதிலே நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. அன்ட்ரொயிட்டின் தொடக்கப் பதிப்புகளில் பல கைத்தொலைபேசிகள் தமிழெழுத்தைக் காட்டத் தெரியாமல் வெறுங்கட்டங்களைக் காட்டின. 2014 இல் வந்த 5.0 பதிப்பிலேதான் முறைமையின் மொழிப் பட்டியலில் தமிழும் சிங்களமும் ஒன்றாகச் சேர்ந்தன. இந்நாட்டின் சட்டப்புத்தகத்திலே 1956 இல் சிங்களம் மட்டும் ஏறியது. தமிழும் அரசகரும மொழி என்ற வாசகம் ஏற 1987 இல் 13 ஆம் திருத்தம் வரவேண்டியிருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! அமெரிக்க நிறுவனத்தைப் புகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை, கணக்கைச் சொல்கிறேன். ஆனால் 4.3 இலே பூட்டப்பட்ட கைத்தொலைபேசிக்கு 2014 இன் அந்தச் சமத்துவம் எட்டவில்லை. பூட்டைத் திறந்தவருக்கே எட்டியது.

இனி, இது சட்டப்படி சரியா என்ற கேள்வி. என்னிடம் வருவோர் முதலிலே கேட்பதும் இதுவே. நமது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றிக் கணினிக்குள் நுழைவதைக் குற்றமாக்குகிறது. தம் சொந்தக் கைத்தொலைபேசிக்குள் தாமே நுழைபவருக்கு அதிகாரம் கொடுக்கவேண்டியவர் வேறு யார்? 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பிறர் ஆக்கத்தைப் படியெடுத்து விற்பதைத் தடுக்கிறது. லீனியேஜ் முறைமையோ, படியெடுக்கலாம் என்று எழுதியே கொடுக்கப்பட்டது. கூகுளின் செயலிகள் அப்படியல்ல. அவை கூகுளின் சொத்து. 2009 இலேயே அவற்றை முறைமையோடு சேர்த்து வழங்காதே என்று கூகுள் அறிவித்தல் அனுப்பியது. ஆகவே இன்றும் அவை தனிப் பொதியாகவே வருகின்றன. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்க. ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: களவெடுத்த கைத்தொலைபேசியின் பூட்டை உடைப்பதும், ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்தை மாற்றுவதும் வேறு விடயம். அவற்றைச் செய்பவருக்காக வாதாட என்னிடம் வரவேண்டாம்.

அமெரிக்காவிலே 2010 இல், தாம் நியாயமாகப் பெற்ற செயலிகளை ஓட்டுவதற்காகக் கைத்தொலைபேசியின் தடையை நீக்கிக்கொள்ளலாம் என்று காங்கிரஸ் நூலகம் விதிவிலக்கு அளித்தது. 2015 இல் அவ்விலக்கு உழவு இயந்திரங்களுக்கும் நீட்டப்பட்டது. ஏனெனில் அங்கே ஜோன் டீயர் உழவு இயந்திரங்களின் மென்பொருளும் பூட்டப்பட்டிருந்தது. கமக்காரர் தம் வயலில் நின்ற இயந்திரத்தைத் திருத்த முகவரின் ஆள் வரும்வரை காத்திருந்தனர். சிலர் பொறுமையிழந்து உக்ரேனிலிருந்து வந்த மென்பொருளைக் கொண்டு திறந்தனர். 2025 ஜனவரியில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு டீயர் நிறுவனத்தின்மீது வழக்கே தொடுத்தது. நான் தொடக்கத்திலே சொன்ன பூட்டிய மூடி கற்பனை அன்று என்பதை இப்போது உணர்வீர்கள். இன்று கைத்தொலைபேசியில் பழகிய வழக்கம் நாளை உங்கள் வரம்புக்கு வரும்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைத்தொலைபேசியை ஒரு வளவாக எண்ணுங்கள். முன்னே படலை. அதில் நிற்கும் காவலாளிக்குப் பூட்லோடர் என்று பெயர். விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பவர் இவர். செய்தவரின் முத்திரை இல்லாத எவரையும் இவர் உள்ளே விடார். வளவின் கோடியிலே ஒரு சிறு கொட்டில் உண்டு. அதற்கு ரிக்கவரி என்று பெயர். வீடு திறக்க முடியாமற் போனால் அங்கிருந்து வீட்டைத் திருத்தலாம். நிறுவனம் வைத்த கொட்டிலிலே கருவிகள் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக ரி.டபிள்யு.ஆர்.பி. என்ற பொது மென்பொருளையோ லீனியேஜின் சொந்த ரிக்கவரியையோ வைத்தால், முழு வீட்டையும் நகலெடுக்கலாம், பழையதை நீக்கலாம், புதியதைக் குடியேற்றலாம்.

முதல் வேலை மாதிரி இலக்கத்தைப் பார்ப்பது. விற்பனைப் பெயரை நம்பவேண்டாம். எஸ்-3 என்ற ஒரே பெயரில் வேறு வேறு சில்லுகள் கொண்ட பெட்டிகள் விற்கப்பட்டன. ஒன்றின் முறைமையை மற்றொன்றில் ஏற்றினால் மிஞ்சுவது வெறுங்கட்டை. அடுத்து, படங்கள், தொடர்பிலக்கங்கள் யாவற்றையும் வேறிடத்தில் சேமியுங்கள். படலையைத் திறக்கும்போது பெரும்பாலான பெட்டிகள் உள்ளே உள்ளதை எல்லாம் அழித்துவிடும். பின்பு அமைப்புகளில் கட்டுமான இலக்கத்தை ஏழுமுறை தட்டினால் மறைந்திருக்கும் பட்டியல் தோன்றும். அதிலே பூட்டு நீக்க அனுமதியை இயக்கி, கணினியோடு இணைத்து, பாஸ்ட்பூட் என்ற கருவியாலோ, சாம்சங் எனில் அதற்குரிய பதிவிறக்க நிலையிலோ, புதிய ரிக்கவரியை ஏற்றவேண்டும். ஏற்றியதும் நேரே அதற்குள்தான் செல்லவேண்டும். வழமைபோல் இயக்கினால் பழைய முறைமை தன் கொட்டிலைத் திரும்பக் கட்டிவிடும். பலர் வழுக்கி விழும் இடம் இது. ஐ.எம்.ஈ.ஐ. அடங்கிய பகுதியை நகலெடுத்து வைத்த பிறகே மேலே செல்லுங்கள். அது அழிந்தால் அழைப்பே வராது. கூகுள் செயலிகள் வேண்டுமென்றால் புதிய முறைமையை முதன்முறை இயக்குமுன்னரே ஏற்றவேண்டும்.

இழப்புகளையும் மறைக்கமாட்டேன். படலை திறந்த கைத்தொலைபேசியில் வங்கிச் செயலிகள் பல இயங்க மறுக்கும். கமரா முன்போல் நன்றாக எடுக்காமற் போகலாம். சாம்சங்கின் பிந்திய மாதிரிகளில், ஒருமுறை வெளி மென்பொருள் ஏறினால் உள்ளே ஓர் அடையாளம் எரிந்துவிடும். அதனை மீட்க வழியில்லை. காவலாளி இல்லாத படலை களவாளிக்கும் திறந்தே கிடக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. எனவே வங்கி அலுவல் பார்க்கும் ஒரே கைத்தொலைபேசியிலே இதனைச் செய்யாதீர்கள். பெட்டியில் தூங்கும் பழையதிலே செய்யுங்கள். பற்றரி வீங்கியிருந்தால் அதனைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு நுணுக்கம் நமக்கு ஆகுமா என்று ஒரு பெரியவர் சற்றுமுன் கேட்டார். ஐயா, பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோலைத் துளியாகக் காட்டி எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளை ஓட்டியவர்கள் யார்? மின்சாரமே இல்லாத இந்த வன்னியிலே சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் யார்? அந்த எஞ்சின்களைச் செய்தவர் எவரிடமும் நாம் அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்தியசாலைக்குப் போயிருக்கமாட்டோம். இல்லாமையாற் பழகிய கைத்திறன் அது, பெருமைப்பட ஏதும் இல்லை என்பார் உண்டு. நான் அதற்கு உடன்படேன்.

ஆனால் திறமை இருந்தும் திறவுகோல் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? 2018 இல் ஹுவாவி நிறுவனம் பூட்டு நீக்கும் இலக்கத்தைக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. அதன்பின் அந்நிறுவனத்தின் பெட்டிகளுக்கு நேர்வழி அடைபட்டது. தனியொருவர் இங்கே என்ன செய்வார்? இது சட்டத்தால் தீரவேண்டிய விடயம், ஆகவே அரசியல். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியுள்ளது. ஒரு மாதிரியின் விற்பனை நின்ற பின்னரும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு அதன் முறைமைக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கவேண்டும் என்பது அவ்விதி. நம் நாட்டிலே கைத்தொலைபேசியை இறக்குமதி செய்வோர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெறவேண்டும். அந்த அங்கீகாரத்தோடு இரண்டே நிபந்தனைகளைச் சேர்க்கும்படி கேட்போம். எத்தனை ஆண்டு புதுப்பிப்புத் தருவேன் என்பதை விற்பவர் பெட்டியின்மேல் மும்மொழியிலும் அச்சிடவேண்டும். புதுப்பிப்பு நின்ற நாளில், கேட்கும் உரிமையாளருக்குக் கட்டணமின்றித் திறவுகோலைக் கொடுக்கவேண்டும். அரசுக்கு இதனால் ஒரு சதமும் செலவில்லை. வெளியே போகும் டொலர் குறையும். இதனை மறுக்கும் அமைச்சர் என்ன காரணம் சொல்வார் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.

இக்கோரிக்கையை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். வாசலிலே உள்ள மேசையில் இருக்கிறது. வாசித்துப் பார்த்து, உடன்பட்டால் மட்டும் கையொப்பமிடுங்கள். அதன் அருகிலே ஒரு கொப்பியும் உண்டு. வீட்டிலே உறங்கும் பழைய கைத்தொலைபேசி உள்ளவர்கள் அதன் மாதிரி இலக்கத்தையும் தம் கிராமத்தின் பெயரையும் அதில் எழுதவேண்டும். கணினி கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர் எந்த மாதிரிக்கு முறைமை உண்டு, எதற்கு இல்லை என்று பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டுள்ளனர். இல்லாத மாதிரிகளின் பட்டியலைக் கோரிக்கையோடு இணைத்துக் கொழும்புக்கு அனுப்புவோம். கைத்தொலைபேசியை இன்று கொண்டுவந்தவர்கள், சேமிப்பு வேலை முடியும்வரை எதனையும் அழுத்தாமல் அவர்களிடம் காட்டுங்கள்.