லாக்கப்பும் வேண்டாம், சங்கிலியும் வேண்டாம்

(செய்யூரில் ஜமாஅத் நலக் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

படிப்புக்கு, ஆபரேஷனுக்கு, குமரு காரியத்துக்கு உதவி கேட்டு நம்மிடம் மனுக்கள் வருகின்றன. ஓர் உதவியை மட்டும் யாரும் மனுவாக எழுதுவதில்லை. அது நடுராத்திரியில் போனில் வரும். "பையன் கதவைச் சாத்திக்கிட்டான். கையில கத்தி இருக்கு. போலீஸைக் கூப்பிடலாமா பாய்?" என்று ஒரு தாய் கேட்பார். கூப்பிட்டால் மகனை அடித்து இழுத்துப் போவார்களோ என்று பயம். கூப்பிடாவிட்டால் விடிவதற்குள் என்ன ஆகுமோ என்று பயம். அந்தத் தாய்க்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? அதைத்தான் இன்று பேச வேண்டும்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 100-ஆம் பிரிவு காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு ஒரு கடமையை விதிக்கிறது. மனநோயால் தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாமல் திரிகிறவரையும், மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருப்பவரையும் அவர் பாதுகாப்பில் எடுக்க வேண்டும். கைது என்ற பேச்சே அங்கே இல்லை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவருக்குத் தேவை சிகிச்சை, தண்டனை அல்ல.

நம் மார்க்கமும் இதற்கு அந்நியமானதல்ல. தூங்குகிறவர், பருவமடையாத பிள்ளை, புத்தி பேதலித்தவர் ஆகிய மூவர் மீதும் குற்றம் எழுதப்படுவதில்லை என்று சிறு வயதிலேயே மதரஸாவில் படித்திருக்கிறோம். கெய்ரோவில் 1284-இல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது.

ஆனாலும் நம் நாட்டில் நடந்ததை மறக்க முடியுமா? 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல், 28 பேர் இறந்தார்கள். குணமாக வேண்டும் என்று சொந்தங்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். இன்று அதே சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. அந்தத் தடை காப்பகத்துக்கு மட்டும்தான் என்று நம் வீட்டுப் பின்கட்டில் கட்டி வைத்தால், அந்தப் பாடத்தை நாம் படிக்கவில்லை என்றுதான் பொருள்.

"அப்படியானால் போலீஸே வேண்டாம், டாக்டர் போதும்" என்று சிலர் சொல்லக்கூடும். கையில் கத்தி இருக்கும்போது டாக்டர் மட்டும் போக முடியாது. போலீஸ் மட்டும் போனால் நோயைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. இருவரும் சேர்ந்தே போக வேண்டும். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், கத்தி வைத்திருந்த மனநோயாளி ஒருவர் 1987-இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதன்பின் 1988-இல் காவல் துறையும் மருத்துவர்களும் நோயாளிகளின் குடும்பங்களும் கூடி ஒரு முறையை உருவாக்கினார்கள். தேர்ந்தெடுத்த காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி. குரலைத் தாழ்த்திப் பேசுவது, அவசரப்படாமல் காத்திருப்பது, மருத்துவமனையில் ஒப்படைப்பது எல்லாம் அதில் அடங்கும். வேறு சில ஊர்களில் மனநலப் பணியாளரே காவலரோடு வண்டியில் போகிறார்.

நம் பகுதியில் நடுராத்திரி ஜீப்பில் மனநல மருத்துவரும் ஏறி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் போனில் வரலாம். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண். 2022 அக்டோபரில் தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வாசலில் காவலர், போனில் மனநல ஆலோசகர், பக்கத்தில் பையன் நம்புகிற ஒரு மனிதர். இந்த மூவரும் சேர்ந்தால் நம்மூருக்கு அதுவே போதும். மூன்றாமவரைத் தர வேண்டியது ஜமாஅத்தின் பொறுப்பு.

அதற்காக நான்கு காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, ஜமாஅத் நிர்வாகிகள் காவல் நிலைய ஆய்வாளரையும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவையும் நேரில் சந்திக்க வேண்டும். ராத்திரி கூப்பிட்டால் யாரிடம் பேசுவது, எங்கே கொண்டுபோவது என்பதை அமைதியான நாளிலேயே பேசி முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு, மனநோயாளி உள்ள வீட்டார் ஒரு தாளில் நாலு விஷயம் எழுதி வைக்கட்டும்: என்ன மாத்திரை, எந்த மருத்துவர், எதற்குப் பயப்படுவார், யார் சொன்னால் கேட்பார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் ஒரு பிரதியை நம்மிடம் தரலாம். அது அமானிதம். கமிட்டியில்கூட வாசிக்கப்படாது.

மூன்று, 112-ஐக் கூப்பிட்டால் முதல் வார்த்தையாக "இவர் மனநோயாளி, சிகிச்சையில் இருக்கிறார்" என்று சொல்லுங்கள். ஆயுதம் இருந்தால் மறைக்காதீர்கள். சைரன் இல்லாமல் வரச் சொல்லிக் கேளுங்கள். தெருவில் கூட்டம் கூடுவதையும் செல்போனில் படம் பிடிப்பதையும் நம் இளைஞர்கள் தடுக்க வேண்டும். ஒரே ஒருவர் பேசட்டும்.

நான்கு, அவர் வீடு திரும்பிய பிறகும் மாத்திரை நிற்கக் கூடாது. பஸ் செலவும் ஒருநாள் கூலி இழப்புமே பல வீடுகளில் சிகிச்சையை நிறுத்திவிடுகின்றன. பைத்துல் மாலில் இதற்கென ஒரு தொகை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஓதிப் பார்ப்பதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஹஜ்ரத் துஆ செய்யட்டும், மருந்தும் தொடரட்டும். "ஜின் பிடித்திருக்கிறது" என்று மாதங்களைக் கடத்துவதுதான் பிள்ளையைக் கத்தி எடுக்கும் இடம் வரை கொண்டு போகிறது. நம் கடற்கரையில் கோவளம் தர்காவுக்கு மக்கள் மன ஆறுதல் தேடிப் போகிறார்கள். அதே கோவளத்தில் 1993-இல் சென்னையில் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு மனநலப் பணி செய்கிறது. ஒரே ஊரில் இரண்டும் இருக்கின்றன. ஒன்றுக்காக இன்னொன்றை விட வேண்டியதில்லை.

அடுத்த முறை நடுராத்திரியில் அந்தப் போன் வரும்போது, "கூப்பிடுங்கம்மா, நாங்களும் கூட வருகிறோம்" என்று நாம் சொல்லக்கூடியவர்களாக இருக்க வேண்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு இதற்கான குழுவில் சேர விரும்பும் ஆண்களும் பெண்களும் பெயர் கொடுங்கள்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் ஷிஃபா தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.